பூக்கூடைக்கு முன் சீட்டு

“பின்னாடி சீட்டுக்கு ஏசி காத்து வருமா, வராதா? அத மட்டும் சொல்லு.”

காளீஸ்வரி இப்படிக் கேட்டபோது, விற்பனைப் பெண் ஜுஹைனா டச் ஸ்கிரீனின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டரை அங்குலம் என்று சொல்ல வந்தவள் எட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

“வரும் அக்கா. பிளஸ் மாடல்ல பின்னாடிக்குன்னு தனியா வென்ட் இருக்கு. சாதா மைனாவுல முன்னாடி மட்டுந்தான். ஆனா சின்ன வண்டிதானே, காத்து சுத்திப் பின்னாடியும் வந்துரும்.”

“சுத்தி வார காத்து எனக்கு வேண்டாம். நேரா வரணும்.”

“பின்னாடி யாருக்கா உக்காருவாங்க? பிள்ளைங்களா?”

“மல்லிகைப்பூ” என்றாள் காளீஸ்வரி.

தென்காசியில் அந்த ஷோரூமுக்குள் அன்று வேறு வாடிக்கையாளர்களே இல்லை. ஆடி மாதத்தில் யார் கார் வாங்குகிறார்கள்? ‘ஆடி அதிரடித் தள்ளுபடி’ என்ற பேனர் மட்டும் வாசலில் காற்றுக்குப் படபடத்துக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு கார்கள். வெள்ளை நிறத்தில் மைனா. பக்கத்தில் நீல நிறத்தில் மைனா பிளஸ். நீலக் காரின் முன் சீட்டில், யாரும் அழைக்காமலே ஏறி உட்கார்ந்து, அதன் கண்ணாடிக் கூரை வழியாக மேலே பார்த்துக்கொண்டிருந்தான் காளீஸ்வரியின் கணவன் பாண்டித்துரை.

“ஏட்டி காளி, இங்கன வந்து பாரு. வானமே தெரியுது.”

“டியூப் லைட்டுதான் தெரியுது. எறங்குங்க.”

காளீஸ்வரிக்குத் தொழில் கல்யாணப் பூ. குத்துக்கல்வலசையில் வீட்டை ஒட்டி ஷெட் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்துச் சரம் தொடுக்கிறாள். சங்கரன்கோவில் பக்கமிருந்து விடியற்காலையில் மல்லி மொட்டு வந்து இறங்கும். மதியத்துக்குள் சரமாகிவிடும். பிறகு அது மலையைத் தாண்டிக் கேரளத்துப் புனலூருக்குப் போக வேண்டும். அங்கே மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒரு சேச்சிதான் அவளுடைய பெரிய வாடிக்கை. மாலை ரிசப்ஷனுக்குப் பெண்ணின் கொண்டையே தெரியாத அளவுக்குச் சுற்றிச் சுற்றிப் பூ வைப்பது அவர்கள் வழக்கம்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு விதிதான். மொட்டு கூடையில் விரியக் கூடாது. பெண்ணின் தலையில்தான் விரிய வேண்டும்.

போன முறை கூடையில் விரிந்துவிட்டது. வாடகை வேன். ஏசி கிடையாது. புளியறை சோதனைச்சாவடியில் லாரி வரிசை. தலைக்கு மேல் வெயில். புனலூரில் போய்க் கூடையைத் திறந்தால், சட்டியில் பொரிந்த பொரி மாதிரி எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. சேச்சி திட்டவில்லை. அதுதான் காளீஸ்வரிக்குப் பயமாக இருந்தது.

“காளீ, சிங்ஙம் பொறந்து முதல் ஞாயிறு ஒரு வலிய கல்யாணம் உண்டு. அது நல்லா வந்தா சீசன் முழுக்க உனக்குத்தான். இல்லெங்கில் ஞான் வேற ஆளப் பாத்துக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

சிங்ஙம் என்றால் நம்முடைய ஆவணி. அது பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. அதனால்தான் ஆடி என்றும் பார்க்காமல் காளீஸ்வரி ஷோரூம் படியேறியிருந்தாள். லைசன்ஸ் கைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பாண்டித்துரைக்கு ஓட்டத் தெரியாது. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை ஒன்றில் எடை போடுகிறவன் அவன். ஸ்டியரிங்கைத் தொட வேண்டிய தேவை இதுவரை அவனுக்கு வந்ததில்லை.

“வெலையச் சொல்லு தங்கச்சி. பேப்பர்ல போடுத வெல வேண்டாம். ரோட்டுக்கு வந்து நிக்கிற வெல.”

“சாதா மைனா ஆறு இருபது அக்கா. பிளஸ் ஏழு நாப்பத்தஞ்சு.”

“ஒண்ணேகால் லட்சம் கூட. அப்படி என்ன இருக்கு உள்ள?”

ஜுஹைனா கடையநல்லூர்ப் பெண். பேச்சில் வேகம் அதிகம். “பெரிய ஸ்கிரீன், கண்ணாடிக் கூரை, அலாய் வீலு, பின்னாடி ஏசி வென்ட்டு, ரிவர்ஸ் கேமரா” என்று மூச்சு விடாமல் அடுக்கினாள்.

“இன்ஜின்?”

“ரெண்டுக்கும் ஒரே இன்ஜின்தான். ஆயிரம் சிசி, மூணு சிலிண்டர்.”

“ஏசி மிஷினு?”

ஜுஹைனா கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னாள். “கம்ப்ரசரும் ஒண்ணுதான் அக்கா.”

“ஆக அடுப்பு ஒண்ணுதான். ஒண்ணுல ஒத்தப் பானை வச்சிருக்கீங்க, இன்னொண்ணுல ரெட்டைப் பானை.”

“இத நான் அடுத்த கஸ்டமர்கிட்ட சொல்லலாமா?” என்று சிரித்தாள் ஜுஹைனா.

பாண்டித்துரை அதற்குள் இறங்கி வந்துவிட்டான். “என்ன கணக்கு வேண்டிக் கெடக்கு? பூ பின்னாடி இருக்கப் போவுது. பின்னாடி காத்து வேணும்னா பிளஸ்தான். பேசாம அதையே எடுத்துருவோம். நம்ம மார்க்கெட்டுல யாருட்டயும் கூரையில கண்ணாடி வச்ச வண்டி கெடையாது.”

“உங்க மார்க்கெட்டுக்கா வண்டி வாங்குதோம்?”

“சரி, பூவை முன்னாடி வைக்க முடியுமா? நான்லா அங்க உக்காரணும்.”

அதில் காளீஸ்வரிக்கு எதிர்ப்பேச்சு இல்லை. பாண்டித்துரைக்குப் பின் சீட்டு ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் ஏறினாலே டிரைவர் முதுகுக்குப் பின்னால் இடம் தேடுவான். புனலூர் போகிற வழியில் ஆரியங்காவு மலை வளைவுகளை நினைத்தாலே அவனுக்கு வயிறு புரளும். அதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பான். மார்க்கெட்டில் அதற்கா பஞ்சம்?

“ஒரு டெஸ்ட் டிரைவ் போயிட்டு வருவோம் அக்கா. குற்றாலம் வரைக்கும். ஏசி எப்படின்னு நீங்களே பாருங்க” என்றாள் ஜுஹைனா.

காளீஸ்வரி தயாராகத்தான் வந்திருந்தாள். ஸ்கூட்டியிலிருந்து இரண்டு சிறிய பூக்கூடைகளை எடுத்துவந்தாள். ஒன்றை ஷோரூமில் விட்டுவிட்டு, இன்னொன்றை நீலக் காரின் பின் சீட்டில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பாண்டித்துரை முன்னால். ஜுஹைனா ஓட்டினாள்.

ரோட்டில் சீசன் கூட்டம். தலையில் ஈரத் துண்டோடு போகிறவர்கள், ரம்புட்டான் கடைகள், நேந்திரம் சிப்ஸ் வறுக்கிற வாசனை. ஏசி சத்தமே இல்லாமல் வேலை செய்தது. காளீஸ்வரி கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மொட்டுகள் சில்லென்று இருந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

“ஐஸ் பெட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு” என்றான் பாண்டித்துரை.

காளீஸ்வரி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். வெளிக்காற்று முகத்தில் பட்டது. மறுபடி ஏற்றினாள். மறுபடி இறக்கினாள்.

“ஜுஹைனா, ஏசிய அணை.”

“அக்கா?”

“அணைச்சித்தான் பாரேன்.”

ஜுஹைனா அணைத்தாள். கார் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிக் கூரை மேல் சாரல் பொட்டுப் பொட்டாக விழுந்தது. இவர்கள் பேச்சு காதில் விழாமல் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பாண்டித்துரை கைகளைக் கட்டிக்கொண்டான்.

“என்னா குளிரு! ஏம்மா, இந்த ஏசியக் கொஞ்சம் கொறைச்சி வையி. நெஞ்சுல சளி கட்டிரும் போல.”

“ஏசி அணைச்சி எவ்வளவு நேரமாச்சு” என்றாள் காளீஸ்வரி.

ஜுஹைனா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“எல்லாரையும் இந்த ரோட்டுக்குத்தான் கூட்டிட்டு வருவியா?”

“எங்க மேனேஜர் சாம்பசிவம் சார் போட்ட ரூட்டு அக்கா. இங்க வந்தவங்க யாருமே ஏசி சரியில்லன்னு சொன்னதில்ல.”

“எப்படிச் சொல்லுவாங்க? இந்தக் காத்துல மாட்டு வண்டிகூட ஏசி வண்டிதான். திருப்பு.”

“எங்க போவோம்?”

“கெழக்க. பாவூர்சத்திரம் ரோட்டுக்கு. அங்கதான் வெயிலு இருக்கு. ரெண்டு வண்டியும் வரணும். வெள்ளைய நான் ஓட்டுதேன். போயி, வெயில்ல நிப்பாட்டி வைக்கணும்.”

“நிப்பாட்டியா?”

“ஓடுத வண்டியில ஏசி நல்லாத்தான் வேல செய்யும். என் பூ ஓடும்போது கெடல. புளியறையில நின்னப்பதான் கெட்டுச்சு. நிக்கும்போது எது குளுந்து நிக்குதுன்னு பாப்போம்.”

ஜுஹைனா மேனேஜருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கமிருந்து நீளமாக ஏதோ கேள்வி வந்தது. “இல்ல சார், ரெண்டு வண்டிதான். ஆமா சார், ஆடில வந்த ஒரே பார்ட்டி சார்” என்றாள். அனுமதி உடனே கிடைத்தது.

சாரல் தென்காசியோடு நின்றுவிட்டது. கிழக்கே போகப் போக மேகமில்லாத வானம். சாலையோரமாக ஒரு தரிசு நிலம். அதில் இரண்டு கார்களையும் பக்கம் பக்கமாக, ஒரே திசையைப் பார்த்து நிறுத்தினார்கள். இன்ஜினை அணைக்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். ஏசி இரண்டிலும் முழுவேகத்தில். நீலக் காரின் பின் சீட்டில் ஒரு கூடை, வெள்ளைக் காரின் பின் சீட்டில் ஒரு கூடை. வெள்ளைக் காரில் காளீஸ்வரி மட்டும் இருந்தாள். குற்றாலத்துக்குப் போய்வந்ததில் கூடையிலிருந்து பிரிந்துவிட்ட ஒரு சரம் வரும் வழியில் அவள் மடியில் இருந்தது. கியரை மாற்ற இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை எடுத்துப் பக்கத்து சீட்டில் போட்டிருந்தாள்.

பாண்டித்துரை ஒரு பாட்டு நேரம் நீலக் காரில் உட்கார்ந்திருந்தான். அப்புறம் ரோட்டைக் கடந்து டீக்கடைக்குப் போய்விட்டான்.

நிற்க நிற்க வித்தியாசம் தெரிந்தது. ஓடும்போது சுறுசுறுப்பாக இருந்த சின்ன இன்ஜின், நிற்கும்போது சோம்பேறி ஆனது. காற்று வந்தது, ஆனால் அதில் இருந்த கூர்மை போய்விட்டது. நீலக் காரில் கண்ணாடிக் கூரைக்கு அடியில் இழுத்துவிடுகிற துணித் திரை தொட்டால் சுட்டது.

நிழல் கொஞ்சம் நீண்டதும் காளீஸ்வரி இறங்கினாள். முதலில் நீலக் காரின் கூடை. ஓரத்துச் சரங்களில் மொட்டுகள் நுனி அவிழ்ந்திருந்தன. நடுவில் இருந்தவை பரவாயில்லை. அடுத்து வெள்ளைக் காரின் கூடை. அதில் பாதிக்கு மேல் விரிந்துவிட்டது.

டீ கிளாஸோடு வந்த பாண்டித்துரை எட்டிப் பார்த்தான். “பாத்தியா? நான் சொன்னேன்லா. பிளஸ்தான். தனி வென்ட்டு உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் வித்தியாசம் இருக்கா இல்லியா?”

அதிக விலைக் காருக்குச் சாதகமாகப் பேச்சு போகும்போது குறுக்கே விழ ஜுஹைனா என்ன பைத்தியமா?

காளீஸ்வரி இரண்டு கூடைகளையும் தரையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு லட்சத்துக்கு மேல் கூடக் கொடுத்தால் பூ கொஞ்சமாகக் கெடும். கொடுக்காவிட்டால் நிறையக் கெடும். கொஞ்சம் விரிந்த பூவையும் நிறைய விரிந்த பூவையும் புனலூர் சேச்சி ஒரே பார்வைதான் பார்ப்பாள்.

“ரெண்டும் தேறல” என்றாள்.

சொல்லிவிட்டு, இன்ஜினை அணைக்க வெள்ளைக் காருக்குள் குனிந்தாள். அப்போதுதான் முன் சீட்டில் கிடந்த சரம் கண்ணில் பட்டது. அதை மறந்தே போயிருந்தாள்.

கையில் எடுத்தாள். சில்லென்று இருந்தது. ஒரு மொட்டைக் கிள்ளிப் பார்த்தாள். காலையில் செடியிலிருந்து வந்தது எப்படியோ அப்படியே இறுக்கமாக இருந்தது. சரத்தை முழுக்க விரல்களில் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட அவிழவில்லை.

டாஷ்போர்டைப் பார்த்தாள். அந்த சீட்டுக்கு நேராக இரண்டு வென்ட். ஒன்று நடுவில், இன்னொன்று கதவோரத்தில். கம்ப்ரசரிலிருந்து வருகிற முதல் குளிர் அங்கேதான் இறங்குகிறது. அதில் மிச்சம் மீதிதான் பின்னால் போகிறது.

மெதுவாகத் திரும்பிப் பாண்டித்துரையைப் பார்த்தாள்.

“என்னட்டி அப்படிப் பாக்க?”

“நீங்க பின்னாடி உக்காருங்க.”

“எதுக்கு?”

“இப்ப இல்ல. இனிமே.”

கார் வாங்க வேண்டும் என்று நினைத்த அன்றே அவள் மனதில் இடம் பிரித்து வைத்துவிட்டாள். சாமான் பின்னால், புருஷன் முன்னால். யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. யாரும் அதை மாற்றிப் பார்க்கவும் இல்லை. அந்தப் பிரிவினையைக் காப்பாற்றத்தான் ஒன்றேகால் லட்சம் கூடக் கொடுக்க இருந்தாள்.

சரத்தை அவன் கையில் கொடுத்தாள். மார்க்கெட்டில் எலுமிச்சையைத் தொட்டே ஜாதி சொல்கிறவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவன் முகம் விழுந்துவிட்டது.

“எனக்கு வாந்தி வருமேட்டி.”

“எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு வாங்க. பையிலதானே இருக்கு.”

“பாக்குதவன் என்ன சொல்லுவான்? பொண்டாட்டி வண்டி ஓட்டுதா, பக்கத்துல பூக்கூடை சவாரி போவுது, புருசன்காரன் பின்னாடி ஓரமா உக்காந்து வாரான்னு சொல்லுவான்.”

“மொதலாளின்னு சொல்லுவான். மொதலாளி எங்க உக்காருவாரு?”

“ஆமா அண்ணாச்சி” என்றாள் ஜுஹைனா. “பெரிய பெரிய வண்டி வச்சிருக்கவங்க எல்லாம் பின்னாடிதான் உக்காருவாங்க. முன்னாடி உக்காந்தா டிரைவர்னு நெனைச்சிருவாங்க.”

பாண்டித்துரை அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். “ஏம்மா, நீ பிளஸ்ஸ விக்க வந்தியா, என்னைய விக்க வந்தியா?”

“பிளஸ் போச்சு அண்ணாச்சி. ஒரு மணி நேரம் பேசி நான் ஏத்தி வச்ச வெலைய, அக்கா உங்கள ஒரு சீட்டு நகத்தி எறக்கிட்டாங்க. இருக்கத வித்தாத்தானே எனக்கு நல்லது.”

ஷோரூமுக்குத் திரும்பியதும் சாம்பசிவத்தின் அறையில் பேச்சு நடந்தது. சாம்பசிவம் பொறுமையானவர். ஆடித் தள்ளுபடி இருபத்தையாயிரம் என்றார். ஆனால், ஆடியிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான்.

“பில்ல ஆடியில போடுங்க சார். சாவிய ஆவணி ஒண்ணாந்தேதி குடுங்க. தள்ளுபடி எனக்கு வேணும்.”

“அது ரூல்ஸ் கிடையாதும்மா. டெலிவரி ஆடியில எடுக்கணும்.”

“இந்த ஆடியில யாராவது டெலிவரி எடுத்தாங்களா? ஒரே ஒரு ஆளக் காட்டுங்க. நானும் இப்பமே எடுத்துட்டுப் போறேன்.”

சாம்பசிவம் ஜுஹைனாவைப் பார்த்தார். ஜுஹைனா கூரையைப் பார்த்தாள். ஷோரூம் கதவுக்கு அப்பால் பேனர் படபடத்தது. காட்ட ஆள் இல்லை.

“சரி, பண்ணிருவோம்” என்றார் சாம்பசிவம். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். “ஏம்மா, எங்க டெஸ்ட் ரூட்டப் பத்தி வெளிய ஒண்ணும் சொல்லிர மாட்டீங்கல்ல?”

“தரை விரிப்ப இலவசமாக் குடுத்தீங்கன்னா மறந்துருவேன் சார்.”

ஆவணி முதல் தேதி வெள்ளை மைனா குத்துக்கல்வலசைக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அது முதல் வேலைக்குக் கிளம்பியது.

மதியத்துக்குள் சரங்கள் தயாராகிவிட்டன. ஈரத் துணி சுற்றிய பெரிய கூடையை முன் சீட்டில் ஏற்றி வைத்து, இரண்டு வென்டுகளையும் அதன் பக்கம் திருப்பினாள் காளீஸ்வரி. வண்டியைக் கிளப்பியதும் ‘டிங் டிங்’ என்று ஒரு சத்தம். நிற்கவே இல்லை. சீட்டில் ஏதோ கனமாக உட்கார்ந்திருக்கிறது, அது பெல்ட் போடவில்லை என்று கார் புகார் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கூடையைச் சுற்றி பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கார் அமைதியானது.

“பூவுக்குப் பெல்ட்டு வேற” என்றான் பின் சீட்டிலிருந்த பாண்டித்துரை.

“நீங்களும் போடுங்க. உங்களுக்கு டிங் டிங் அடிக்காது, நான்தான் சொல்லணும்.”

செங்கோட்டை தாண்டும்வரை எல்லாம் சுகமாகத்தான் போனது. புளியறையில் வரிசை நின்றது. ஓணத்துக்கு முந்தைய நெரிசல். காய்கறி லாரி, வாழைத்தார் லாரி, எலுமிச்சை லாரி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நகராமல் கிடந்தன. அன்றைக்கென்று பார்த்துச் சாரலும் இல்லை. மலைக்கு மேல் மேகம் இருந்தது, ரோட்டின் மேல் வெயில் இருந்தது.

வண்டி கொஞ்சம் நகரும், நிற்கும். ஏசியின் வேகத்தைக் குறைக்காமல், வெளிக்காற்று உள்ளே வராதபடி பொத்தானை அழுத்தி வைத்திருந்தாள் காளீஸ்வரி. கையை நீட்டிக் கூடையின் மேல் துணியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. நல்லது.

பின்னால்தான் நல்லதாக இல்லை.

“காளி, கண்ணாடியக் கொஞ்சம் எறக்கு.”

“எறக்கினா வெக்கை உள்ள வந்துரும். பூவு போயிரும்.”

“எறக்கலன்னா நான் போயிருவேன்.”

அவள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பாண்டித்துரை எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. முகம் வெளுத்திருந்தது. விளையாட்டு இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் புதுத் தரை விரிப்பும் சேர்ந்து போய்விடும்.

கண்ணாடியை இறக்கினால் சேச்சியின் சீசன் போகும். இறக்காவிட்டால் இவர் பாடு கஷ்டம். முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி காளீஸ்வரி யோசித்தாள். அந்த லாரி பக்கத்தில் ஓர் ஆள் நடந்து போனார். வரிசையை விட வேகமாக நடந்து போனார்.

“எறங்கி நடங்க” என்றாள்.

“என்னது?”

“வண்டி இன்னும் உருளல. நீங்க காத்தாட நடந்து போங்க. செக் போஸ்ட்டுக்கு அங்கிட்டு ஏறிக்கிடலாம். கதவ மட்டும் படக்குன்னு சாத்துங்க.”

பாண்டித்துரைக்கு வாதாடத் தெம்பில்லை. இறங்கினான். கதவைப் படக்கென்று சாத்தினான். ரோட்டோரத்தில் நின்று மூச்சை இழுத்து விட்டதும், முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. நடக்க ஆரம்பித்தான். கையில் எலுமிச்சம்பழம். மூன்று லாரிகளைத் தாண்டியிருப்பான். மேலேயிருந்து ஒரு குரல்.

“பாண்டியண்ணாச்சி, என்ன பாத யாத்திரையா?”

கூப்பிட்டவன் கடற்கரை. தினமும் பாண்டித்துரை எடை போட்டு ஏற்றிவிடுகிற எலுமிச்சை லாரியின் டிரைவர்.

“பின்னாடி நம்ம வண்டி நிக்குதுடே. கல்யாணப் பூ. நேரத்துக்குப் போகலன்னா வீட்டுல என்னைய நிரந்தரமா நடக்க விட்டுருவா.”

“எது, அந்த வெள்ளக் குருவியா? அது போறதுக்கு எதுக்கு அண்ணாச்சி ரோடு? ரெண்டு சாண் எடம் போதுமே.”

கடற்கரை லாரியை முன்னே பின்னே எடுத்து நடுரோட்டுப் பக்கமாக ஒடித்தான். ஜன்னல் வழியாக முன் லாரிக்காரனைக் கூப்பிட்டான். “மாப்ளே, கல்யாணப் பூ வருதுடே, ஒதுங்கு.” முன் லாரிக்காரன் அவனுக்கு முன்னால் நின்றவனுக்குச் சொன்னான். அவர்களில் பாதிப் பேர் புளியங்குடிச் சரக்கு ஏற்றியவர்கள். பாண்டித்துரையின் தராசுக்கு முன்னால் நின்று பழக்கப்பட்டவர்கள். லாரிகளுக்கும் சாலையோர ஓடைக்கும் நடுவில் ஒரு சின்னக் காருக்கு மட்டும் போதுமான இடம் திறந்தது.

அதன் பிறகு பாண்டித்துரை நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாத மனுஷன், காருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி, இரண்டு கைகளையும் ஆட்டி வழி சொல்லிக்கொண்டு வந்தான். “வா வா வா... வலத்த ஒடி... போதும், நேரா வா.” காளீஸ்வரி இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கிவிட்டு, அவன் கைகளையே பார்த்து ஓட்டினாள்.

சாவடியில் போலீஸ்காரர் கார் ஜன்னலைத் தட்டினார். அவள் ஒரு விரல் அளவுக்கு இறக்கினாள். அவர் முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த கூடையைப் பார்த்தார். காலியாக இருந்த பின் சீட்டைப் பார்த்தார். முன்னால் நின்று இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார்.

“அவரு யாரும்மா?”

“ஓனரு சார்” என்றாள் காளீஸ்வரி.

பாண்டித்துரை பின் கதவைத் திறந்து, நிமிர்ந்து உட்கார்ந்தான். போலீஸ்காரர் அவனுக்கு ஒரு சல்யூட் வைத்து அனுப்பினார். விளையாட்டுக்குத்தான். ஆனாலும் ஆரியங்காவு வளைவுகளில் அவனுக்கு ஒருமுறைகூட வயிறு புரளவில்லை.

புனலூரில் சேச்சி கூடையின் துணியை விலக்கினாள். ஒரு மொட்டைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். இன்னொன்று. கூடைக்கு அடியில் கைவிட்டு இன்னொன்று. ஒரு சரத்தை உருவி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் கொண்டையில் சுற்ற ஆரம்பித்தாள். மூன்றாவது சுற்றில்தான் வாய் திறந்தாள்.

“கொள்ளாம் காளீ, நல்லா இருக்கு. அடுத்த ஞாயிறு ரெண்டு கல்யாணம். ரெண்டு கூடை கொண்டு வா. சீசன் முழுக்க நீ மதி, வேற ஆள் வேண்டா.”

காளீஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே வந்து காரில் ஏறினாள்.

முன் கதவு திறந்தது. காலியான முன் சீட்டில் பாண்டித்துரை உட்கார்ந்தான். சீட்டு இன்னும் குளிர்ந்திருந்தது. மல்லிகை வாசனை அப்படியே இருந்தது. பெல்ட்டை அவனாகவே மாட்டிக்கொண்டான்.

“என்ன சொன்னா?”

“அடுத்த வாரம் ரெண்டு கூடை.”

“ரெண்டா?” அவன் தன் சீட்டைப் பார்த்தான். கால் வைக்கிற இடத்தைப் பார்த்தான். திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தான். “ஒண்ணு இங்க. இன்னொண்ணு இந்தக் காலடியில. அங்கயும் காத்து வரும். பின்னாடி எதையும் வைக்க வேண்டியதில்ல.”

“பரவாயில்லையே, கணக்கு வருதே” என்றாள் காளீஸ்வரி. கதவோர வென்டை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். “நீங்க எங்க உக்காருவீங்க? பின்னாடிதானே?”

பாண்டித்துரை கண்ணை மூடிக் காற்றை வாங்கிக்கொண்டான்.

“நான் கடற்கரை லாரியில வாரேன். அங்க எனக்கு முன் சீட்டு உண்டு.”